ஜெர்சியில் குத்திய பூ

(மாவட்டக் கால்பந்து நடுவர் பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, கோப்பைகளை வழங்க வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, முகாம் முழுவதும் திடலைத் திறந்துவிட்ட பள்ளித் தாளாளர் அம்மையார் அவர்களே, அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு போட்ட அரிசி மண்டி உரிமையாளர் ஐயா அவர்களே (சாம்பாரின் பெருமையைப் பந்தியிலேயே எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை), மேடைக்கு அழைத்தும் வராமல் வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கும் மூத்த நடுவர்களே, இன்று சான்றிதழ் வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய சால்வைக்கு நன்றி. அடுத்த விழாவில் சால்வைக்குப் பதில் ஐந்தாம் எண் பந்து ஒன்று கொடுத்தால் பள்ளிக்காவது ஆகும்.

நாட்டு அணியின் சட்டையில் போர் நினைவுச் சின்னம் அணியலாமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். இங்கிலாந்தில் நடந்தது ஒன்று, விதிப் புத்தகம் சொல்வது இரண்டு, இதற்குள் ஓடும் பணம் மூன்று. அதற்கு முன் ஒரு பழமொழி. தானாகக் கனியாத பழத்தைத் தடியால் அடித்தா கனிய வைக்க முடியும்? இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் நவம்பர் நெருங்கினால் ஆணும் பெண்ணும் மார்பில் சிவப்புக் காகிதப் பூ ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். அது பாப்பிப் பூ. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணிக்கு நின்றது. குண்டு விழுந்து புரண்டுபோன பெல்ஜியத்து மண்ணில் முளைத்துப் பூத்தது இந்தப் பூ. 1921இல் தொடங்கிய ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் அந்த ஆண்டே பூ விற்று நிதி திரட்டியது, இன்றும் திரட்டுகிறது. கிளப் அணிகள் நவம்பர் ஆட்டங்களில் சட்டையிலேயே பூவைப் பதித்து, பிறகு அந்தச் சட்டைகளை ஏலம் விட்டு லீஜனுக்குப் பணம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. நாட்டு அணி ஆடும்போதுதான் தகராறு வந்தது.

2011 நவம்பர் 12ஆம் தேதி வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஸ்பெயினும் நட்பு ஆட்டம். சட்டையில் பூ வேண்டும் என்றார்கள், உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா மறுத்தது. இளவரசர் வில்லியமும் பிரதமர் கேமரூனும் கடிதம் எழுதினார்கள். ஜூரிக்கில் இருக்கும் ஃபிஃபா கட்டடத்தின் கூரையில் இரண்டு பேர் ஏறி நின்று போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் சட்டையில் வேண்டாம், கறுப்புக் கைப்பட்டையில் இருக்கட்டும் என்று உடன்பாடு வந்தது. இங்கிலாந்து 1-0 என்று வென்றதும் பேச்சு அடங்கியது.

ஐந்து ஆண்டு கழித்து, 2016 நவம்பர் 11 அன்றே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. இந்த முறை கைப்பட்டைக்கும் ஃபிஃபா சம்மதிக்கவில்லை. இரு அணிகளும் பூ பதித்த பட்டையைக் கட்டிக்கொண்டே இறங்கின. அதே வாரம் வேல்ஸும் வட அயர்லாந்தும் எதற்கு வம்பு என்று வெறும் கறுப்புப் பட்டை கட்டின. டிசம்பரில் அபராதச் சீட்டு வந்தது. இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்க், ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தலா 20,000, வட அயர்லாந்துக்கு 15,000. வெறும் பட்டை கட்டியவர்களுக்கு ஏன் அபராதம்? அரங்கத்தில் சங்கமும் பார்வையாளர்களும் காட்டிய சின்னங்களையும் கணக்கில் எடுத்தார்கள். இதை நடுவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர் உடம்பில் இருப்பதோடு விவகாரம் நிற்பதில்லை.

ஃபிஃபா பிரிட்டனை மட்டும் குறிவைத்தது என்று அங்கே கூச்சல் போட்டார்கள். அப்படி இல்லை. 2014இல் மால்வினாஸ் தீவுகள் (பிரிட்டன் ஃபாக்லாந்து என்று அழைப்பவை) எங்களுடையவை என்று பதாகை பிடித்த அர்ஜென்டினாவுக்கு 30,000 ஃபிராங்க் போட்டார்கள். 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுச் சின்னத்தை 2016 மார்ச்சில் சட்டையில் போட்ட அயர்லாந்துக் குடியரசுக்கு 5,000. பிரிட்டன் தன் பூவுக்கு அனுமதி கேட்கிறது, அந்தப் பிரிட்டனை எதிர்த்து எழுந்தவர்களின் நினைவை அயர்லாந்து அணிகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க எந்த அமைப்பாலும் முடியாது.

இனி விதி. ஆட்டக்காரரின் உடை பற்றிய 4ஆம் விதியை நேற்று வகுப்பில் படித்தீர்கள். அரசியல், மதம், தனிநபர் சார்ந்த வாசகமோ படமோ உடையில் கூடாது. இந்த விதிகளை எழுதுவது ஐஎஃப்ஏபி என்ற சர்வதேச விதி வாரியம், 1886இல் தொடங்கியது. பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கும் தலா ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு, மாற்றம் நிறைவேற ஆறு வேண்டும். அதாவது பிரிட்டிஷ் சங்கங்களில் இரண்டாவது கை தூக்காமல் ஃபிஃபா ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தாங்கள் கூட்டாக எழுதிய விதியிலேயே மாட்டிக்கொண்டு ஜூரிக்கைத் திட்டினார்கள்.

2017இல் விதிக்கு விளக்கம் சேர்த்தார்கள். முக்கியமான தேசிய, சர்வதேச நிகழ்வை நினைவுகூரலாம், ஆனால் எதிரணி, அதன் ரசிகர்கள், பொதுமக்கள் ஆகியோரின் உணர்வைக் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரணியும் போட்டியை நடத்துபவரும் சம்மதித்தால் தடையில்லை. அந்த நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஆடின. முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற இரு நாட்டு அணிகளும் பாப்பி பதித்த கறுப்புப் பட்டை கட்டின. யாருக்கும் அபராதம் இல்லை. கேட்டுக்கொண்டு செய்ததால் கனிந்தது.

தடி எடுத்தால் என்ன ஆகும்? ஜேம்ஸ் மெக்ளீன் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துக்காரர், அயர்லாந்துக் குடியரசு அணிக்கு ஆடியவர். 1972 ஜனவரி 30 அன்று அந்த ஊரில் பிரிட்டிஷ் படை சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள். அவர் வளர்ந்த கிரெகன் பகுதி ஆட்களும் அதில் உண்டு. இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் அணிவேன், இந்தப் பூ பிற்காலப் படை நடவடிக்கைகளுக்கும் சேர்த்து நிற்பதால் அணிய மாட்டேன் என்று 2014இல் தன் கிளப் தலைவருக்கு விளக்கமாகக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் அவரைப் பார்த்துக் கேலியாகக் கூவியது. செர்பிய ஆட்டக்காரர் மாட்டிச், 1999இல் பிரிட்டனும் சேர்ந்த நேட்டோ கூட்டுப்படையின் குண்டு தன் நாட்டில் விழுந்தபோது 10 வயதுப் பையன். அவரும் 2018இல் பூவை மறுத்தார். அணிவது அவரவர் விருப்பம், கட்டாயம் கூடாது என்று பூவை விற்கும் லீஜனே சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது கூவுகிறவருக்குத் தெரியவில்லை. தடியால் அடித்தா கனிய வைப்பது?

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் இது நம் பக்கத்து வீட்டுக் கதை, சுருக்க மனம் வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து இலங்கையிலும் நவம்பர் 11ஆம் தேதி பாப்பிப் பூ விற்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசில் பெரும்பங்கு கப்பலேறி பிரிட்டனுக்குப் போயிற்று. அதே போருக்குப் போய்த் திரும்பிய உள்ளூர்க்காரர்களுக்குச் சில்லறைதான். ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் 1931இல் பார்த்தார், போட்டிக்கு ஒரு பூவை இறக்கினார். என்ன பூ தெரியுமா? சிங்களத்தில் சூரிய மல். நம் குளக்கரையில் நிற்கும் பூவரசம் பூ! (கைதட்டல்) இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினீர்களே, அதே மரம். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதைக் கையில் எடுத்தது. இயக்கத்துக்குத் தலைவியானவர் யார்? டோரீன் விக்கிரமசிங்க, இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் பெண்கள் பள்ளி நடத்திய ஆசிரியை. இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர் வீரனை விட்டுவிட்டு அந்த ஊர் வீரனுக்குக் காசு கொடுப்பது என்ன நியாயம் என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணியே கேட்டார். ஒரே நாள், ஒரே தெரு, இந்தப் பக்கம் பாப்பி, அந்தப் பக்கம் பூவரசு. திரண்ட காசில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் பிள்ளை ஒருத்தியின் படிப்புக்குக் கொடுத்தார்கள். 1934, 35இல் மலேரியா ஊர் ஊராக வாரிக்கொண்டு போனபோது அந்த இளைஞர்கள் மருந்தையும் உணவையும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் பலர் பூ விற்ற கைகள்தான். அங்கே பூவரசை யாரும் யார் சட்டையிலும் தைத்து விடவில்லை.

வெம்ப்ளியிலிருந்து நம் திடலுக்கு வருவோம். இந்த மேடைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான். 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் பிள்ளைகளின் ஜெர்சியில் முகம் அச்சடிக்கிறோம். நினைவுக் கோப்பை என்றால் இறந்தவர் முகம், நன்கொடை என்றால் உயிரோடிருப்பவர் முகம், தேர்தல் வந்தால் கட்சிக் கொடியின் நிறம். 4ஆம் விதி இருப்பவர், இறந்தவர் இருவரையும் தடுக்கிறது. ஒரே விலக்கு, போட்டியின் அதிகாரபூர்வப் பெயரில் அந்தப் பெயர் இருந்தால் போடலாம். ஆகவே நினைவுக் கோப்பை நடத்துபவர்கள் கலங்க வேண்டாம். பெயர் இருக்கட்டும், முகம் வேண்டாம்.

ஆட்ட நாளில் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இப்போது ஜெர்சி பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சு. சாயம் பாலியஸ்டருக்குள்ளேயே இறங்கிவிடும், உரிக்க ஒன்றும் இருக்காது. ஒட்டுத் துணி அச்சு என்றாலாவது சூடு காட்டிப் பிய்க்கலாம். மேலே டேப் ஒட்டினால் வியர்வையில் பத்து நிமிடத்தில் தொங்கும். சட்டையைத் திருப்பிப் போட்டால் முதுகு எண் மறையும். எனவே கடைக்காரர் அச்சடிக்கும் முன் மாதிரிப் படத்தை வாங்கிப் பாருங்கள், சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் முன்பணம் போகக் கூடாது.

இரங்கல் தெரிவிக்க வேண்டுமா, கறுப்புப் பட்டை போதும். இரண்டு அங்குல அகல எலாஸ்டிக், முனையில் வெல்க்ரோ. ஊக்கும் குண்டூசியும் கூடவே கூடாது, கறுப்புத் துணியைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொண்டு வரும் பிள்ளையைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், கழற்றிய பிறகு உள்ளே விடுங்கள். கேப்டன் பட்டை இடக்கையில் என்றால் இரங்கல் பட்டை வலக்கையில் இருக்கட்டும், இரண்டும் ஒரே கையில் இருந்தால் கீழே வழுக்கி இறங்கும். யாருக்காக, எந்த ஆட்டத்தில் என்று முதல் நாளே எழுதி எதிரணியின் கையெழுத்தும் வாங்குங்கள். கட்ட விரும்பாத பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள். மீறல் இருந்தால் நடுவர் அறிக்கையில் எழுதி அனுப்ப வேண்டும். தண்டிப்பது போட்டிக் குழுவின் வேலை, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அட்டையின் வேலை அல்ல.

மூன்றாவது செய்தி பணம். மணி அடித்துவிட்டார்கள், பணத்தை இன்னொரு மேடையில் எண்ணிக்கொள்வோம்.

பிள்ளைகளின் ஜெர்சியில் முகம் வேண்டாம் என்ற தீர்மானத்தின் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெயருக்குக் கீழே நடுவர் பதிவு எண்ணையும் எழுதுங்கள், எண் இல்லாத கையெழுத்தைச் செயற்குழு எடுத்துக்கொள்ளாது. போன கோடைப் போட்டியின் ஜெர்சியில் யார் முகம் இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நகராட்சித் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைத் தாமே போடுவதாக இப்போது தலையசைத்திருக்கிறார். (கைதட்டல்) ஐயா, பேனா இந்தாருங்கள்.