மலையுச்சியில் ஐந்து வாட்

நேயர்களுக்கு வணக்கம். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் வானொலியை மலையுச்சிக்குக் கொண்டுபோவது பற்றி இன்று பார்ப்போம்.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்குச் சற்று மேல். கீழே சேலம் சமவெளியே 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைக் கழித்தால் மிச்சம் சுமார் 1,340 மீட்டர். வானொலி அலையின் தொடுவானத்தைக் கிலோமீட்டரில் அறிய இதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், 150 வரும். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அங்கிருந்து தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஊருக்குள் 10 மீட்டர் உயர மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு இதே கணக்கு 13 கிலோமீட்டர்தான் தருகிறது. ஹாம் வானொலிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

2002 மார்ச்சில் இங்கிலாந்தில் மலையுச்சிகளிலிருந்து பேசிப் புள்ளி சேர்க்கும் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்ற ஹாம் திட்டம் தொடங்கியது. அதன் விதிகள் அருமையானவை. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நிலையம் அமைய வேண்டும். காருக்குள் உட்கார்ந்து பேசக்கூடாது, ஜெனரேட்டர் கூடாது, ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசியது கணக்கில் சேராது. நான்கு பேரிடமாவது பேசினால்தான் புள்ளி. எந்தத் திட்டத்திலும் சேராமல் மலையேறுபவருக்கும் இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது.

முதலில் பேட்டரி. 5 வாட் எச்.எஃப் (சிற்றலை) கருவி கேட்கும்போது 0.4 ஆம்பியரும் பேசும்போது 2 ஆம்பியரும் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நாம் பேசினாலும் செலவு 2 ஆம்பியர்-அவருக்குள் அடங்கும். நான்கு செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-அவர், தாராளம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. யு.பி.எஸ்ஸில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவைத் தாண்டும். பாசிட்டிவ் வயரில், பேட்டரியை ஒட்டியே, 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வயர் உரசி ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி தரும் மின்னோட்டத்தில் பை தீப்பற்றும்.

இனி ஆன்டெனா. உச்சியில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்; கருவியால் அல்ல.

டைபோல் என்பது நடுவில் கேபிள் சேரும், இரண்டு பக்கமும் சமமான கை நீட்டிய கம்பி ஆன்டெனா. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அதைக் கட்ட, 143-ஐ 14.2-ஆல் வகுத்தால் மொத்த நீளம் 10.07 மீட்டர், ஒரு கைக்கு 5.03. ஆனால் வெட்டும்போது 5.2 மீட்டராக வெட்டுங்கள். கம்பத்தில் ஏற்றி, எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; குறைந்தால் நல்லது) பாருங்கள். மிகக் குறைந்த அளவு 13.8-இல் காட்டினால் கம்பி நீளம் என்று பொருள். 13.8-ஐ 14.2-ஆல் வகுத்தால் 0.972, அதாவது ஒவ்வொரு கையிலும் 15 சென்டிமீட்டர் குறைய வேண்டும். அதை வெட்டி எறியாமல் மடித்து, கம்பி மீதே முறுக்கி விடுங்கள். பாறை மேல், ஈர மண் மேல், மரத்தருகே என்று இடம் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், மடிப்பைப் பிரித்துக்கொள்ளலாம். வெட்டிய கம்பி திரும்ப வராது.

ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு இணைப்பு வைத்து மேலும் 5 மீட்டர் சேர்த்தால் அதே டைபோல் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கும் ஆகிவிடும். ஒரு பக்கம் இணைத்துவிட்டு மறுபக்கம் மறந்தால் எஸ்.டபிள்யூ.ஆர் எகிறும். மீட்டரைச் சந்தேகிக்கும் முன் இரண்டு முனைகளையும் போய்ப் பாருங்கள்.

நடு இணைப்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சால்டர் வைத்த இடத்தில் கம்பியின் இழைகள் விறைத்துப்போகும். காற்றில் ஆடி ஆடி, விறைப்பு முடியும் இடத்தில் ஒவ்வோர் இழையாக அறும். உறை முழுசாக இருப்பதால் வெளியே தெரியாது. காற்றடிக்கும்போது மட்டும் மீட்டர் முள் துள்ளினால் காரணம் இதுதான். ஒரு சிறிய பி.வி.சி துண்டில் பக்கத்துக்கு மூன்று துளை போட்டு, கம்பியை மேலும் கீழுமாகக் கோத்த பிறகு சால்டர் செய்தால் இழுவை முழுவதும் துளைகளிலேயே நின்றுவிடும்.

கம்பம் ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவின் அளவைக் கெடுக்கும். ஆறு மீட்டர் கம்பத்தில் தலைகீழ் ‘வி’ போலக் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் அலையைப் பெரும்பாலும் நேரே மேலே அனுப்பும். அது அயனிமண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பகலில் சென்னையையும் மதுரையையும் பிடிக்க இதுதான் சரி. 14 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைத் தாண்டிக் குதித்து வெகுதூரம் போகும்.

வி.எச்.எஃப்புக்கு, அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளுக்கு, மெல்லிய ஆர்.ஜி-174 கேபிளைத் தவிர்த்துவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் கேபிளே பாதிக்கு மேல் சக்தியைத் தின்றுவிடும். கையிலுள்ள வாக்கி-டாக்கியின் குட்டி ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, நீளம் அளக்கும் டேப்பின் எஃகு நாடாவில் செய்த மூன்று எலிமென்ட் யாகியை (அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா) மாட்டுங்கள். எடை மிகக் குறைவு, பலன் மிக அதிகம். உச்சி அகலமாக, தட்டையாக இருந்தால் நடுவில் நிற்காதீர்கள். பேச வேண்டிய திசையின் விளிம்புக்குப் போங்கள், இல்லையென்றால் மலையே மறைக்கும். செல்போன் டவர் உள்ள உச்சியில் மலிவான கருவிகளின் காது அடைத்துப்போகும்: நாம் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், நமக்கு யாரும் கேட்காது. டவருக்கும் உங்களுக்கும் நடுவே பாறை வருமாறு சரிவில் சற்று இறங்கினாலே பாதி குணமாகும்.

இடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் மேகம் ஒரு மணி நேரத்தில் திரண்டுவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் சடசட என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வந்தால் எங்கோ மின்னல் வெட்டுகிறது. பேச்சை முடிக்கக் காத்திராமல் முதலில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, பிறகு கம்பத்தைச் சாய்த்து, இறங்கத் தொடங்குங்கள்.

தமிழ்நாட்டின் பல உச்சிகள் காப்புக்காட்டில் உள்ளவை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ உயிர்களைப் பலிகொண்ட பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. ஹாம் உரிமத்தின் நகலும் பையில் இருக்கட்டும். கோயில் கொடிமரத்திலோ மண்டபத்திலோ கம்பி கட்டாதீர்கள்.

பதிவேட்டில் நேரத்தை யு.டி.சி-யில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள், நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை 9.30 என்றால் 4.00. பனியில் பேனா மை ஊறும், பென்சில் ஊறாது.

இறங்கும் முன் கம்பியை எட்டு வடிவில் சுற்றுங்கள். வட்டமாகச் சுற்றினால் அடுத்த முறை சிக்கு எடுக்கவே அரை மணி போகும். உட்கார்ந்த இடத்தில் கம்பித் துண்டுகளையும் டேப்பையும் குனிந்து பொறுக்குங்கள், மேயும் மாடு விழுங்கிவிடும். கம்பம் நனைந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கணுவாகக் கழற்றி நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த கணுக்கள் இறுகிக்கொள்ளும்.

வணக்கம்.