ஒரு முறைகூடத் தோற்காமல் நான்கு ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டில் முடியும் நான்கு ஆண்டுகள். அங்கே புல்வெளி, பூங்கா, மேடுபள்ளம் வழியே ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். நவம்பரில் மாநிலப் போட்டியோடு முடியும். ஒரு பிள்ளை ஒரு பருவத்தில் சுமார் 10, 12 போட்டிகள் ஓடும். நான்கு பருவமும் சேர்ந்தால் 40ஐத் தாண்டிவிடும். அந்த நாற்பது சொச்சம் ஓட்டங்களில் ஒன்றில்கூட வேறு யாரும் முந்தவில்லை என்றால், அதைத்தான் தோல்வி காணாத பள்ளி வாழ்க்கை என்கிறோம். அது ஏன் இவ்வளவு அரிது, எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 400 மீட்டர் டிராக்கில் ஓடுபவருக்கு நேரம்தான் சாட்சி. எந்த ஊரில் ஓடினாலும் டிராக் ஒன்றுதான். கிராஸ் கன்ட்ரி அப்படியல்ல. ஒரு வாரம் கோல்ஃப் மைதானத்துப் புல். அடுத்த வாரம் மேடும் பள்ளமுமான பூங்கா. மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. பெரும்பாலான மாநிலங்களில் தூரம் 5 கிலோமீட்டர். இல்லினாயில் மாநிலப் போட்டி 3 மைல். ஆகவே இங்கே 16 நிமிடம் என்பதும் அங்கே 16 நிமிடம் என்பதும் ஒன்றாகாது. இந்த விளையாட்டில் எத்தனையாவதாக வந்தார் என்பதற்குத்தான் மதிப்பு. தோற்காமல் இருப்பதற்கு இங்கே தனி மரியாதை கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே பாதையில் பல்லாண்டு நடக்கும் போட்டி என்றால் நேரத்துக்கும் பொருள் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் டெட்வைலர் பூங்கா இருக்கிறது. 1972இல் கிரெய்க் வர்ஜின் அங்கே 3 மைலை 13 நிமிடம் 50.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 47 ஆண்டுகள் நின்றது. 2019இல் ஜாஷ் மெத்னர் 13 நிமிடம் 49.86 விநாடியில் ஓடித்தான் அதை உடைத்தார். ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை! வர்ஜின் பின்னாளில் 1980இலும் 1981இலும் உலக கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றார்.

சரி, யாரிடம் தோற்கவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தச் சாதனையையும் எடைபோட முடியாது. வாரநாளில் இரண்டு பள்ளிகள் மோதும் டூயல் மீட்டில் எதிரே நிற்பவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கலாம். பல பள்ளிகளை அழைத்து நடத்தும் சனிக்கிழமை இன்விடேஷனலில் நூற்றைம்பது, இருநூறு பேர் வருவார்கள். மாநிலப் போட்டியோ பள்ளியின் அளவைப் பொறுத்துப் பிரிவுகளாக நடக்கும். கலிஃபோர்னியாவில் ஐந்து பிரிவுகள். ஒரே நாளில் ஐந்து மாநிலச் சாம்பியன்கள் உருவாவார்கள். அந்த ஐந்து பேரும் ஒருவரோடொருவர் மோதாமலேயே ஆண்டு முடிந்துபோகலாம்.

அதற்கு மேலே தேசிய அளவில் இரண்டு பெரிய போட்டிகள். ஒன்று 1979இல் கின்னி என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஃபுட் லாக்கர் ஆனது; நான்கு மண்டலங்களில் தகுதிப் போட்டி வைத்துப் பொறுக்கியெடுத்த சிலரை மட்டும் இறுதிக்கு அழைக்கும் போட்டி. பெரும்பாலான ஆண்டுகளில் சான் டியேகோவின் பால்போவா பூங்காவில் நடந்தது. மற்றது 2004இல் போர்ட்லண்டில் தொடங்கியது. இன்று நைக் கிராஸ் நேஷனல்ஸ் என்கிறார்கள். மாநிலத்துக்குள் தோற்காதவர் ஒரு படி. இந்த இரண்டில் ஒன்றையும் சேர்த்துத் தோற்காதவர் வேறொரு படி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இனி, வயது. இதில்தான் பையன்களின் கதையும் பெண்களின் கதையும் பிரிகின்றன. பதினான்கு வயதுப் பையன் பதினெட்டு வயதுப் பையனோடு ஓட வேண்டும். அந்த நான்கு ஆண்டில் உயரம், நுரையீரல், தசை, ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாமே கூடும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பையன் மாநிலத்தை வெல்வது மிக அபூர்வம். ஸ்டீவ் பிரிஃபான்டெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரிகன் மாநிலத்தின் கூஸ் பே ஊரில் மார்ஷ்ஃபீல்ட் பள்ளி மாணவர். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணியில் ஏழாவது ஆளாகத் தொடங்கி, மாநிலப் போட்டியில் 53ஆவதாக வந்தார். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளிலோ ஓடிய போட்டி அத்தனையையும் வென்றார். 1969இல் இரண்டு மைலை 8 நிமிடம் 41.5 விநாடியில் ஓடித் தேசியப் பள்ளிச் சாதனையும் படைத்தார்.

பெண்கள் விஷயம் நேர்மாறு. பதினான்கு வயதிலேயே ஒரு பெண் நாட்டின் முதல் ஆளாக வரமுடியும். ஜோர்டன் ஹசே ஒன்பதாம் வகுப்பில், 2005இல், ஃபுட் லாக்கரை வென்றார். பிறகு 2008இல், பன்னிரண்டாம் வகுப்பில்தான் மறுபடி வென்றார். நடுவில் இரண்டு ஆண்டு பட்டம் வேறு கைகளில் இருந்தது. பல பெண்களுக்குப் பத்தாம், பதினொன்றாம் வகுப்புகள்தான் சோதனைக் காலம். இடுப்பு விரியும், எடை கூடும், மாதவிடாயில் இரும்புச்சத்து போகும். உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நேரம் மட்டும் ஓரிரு பருவம் தேங்கி நிற்கும். இதைப் புரிந்துகொள்ளாத கோச் இரண்டு தவறுகள் செய்வார்: பயிற்சியைக் கூட்டுவார், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார். அதன் பிறகு மாதவிடாய் நின்றுபோகும், கெண்டைக்கால் முன்னெலும்பில் விரிசல் விழும், பருவமே போய்விடும். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு ஓட்டக் களத்தில் இடமே கிடையாது.

இரும்புச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடையாளம் இப்படி இருக்கும்: பயிற்சி அதேதான், தூக்கம் அதேதான், ஆனால் 5 கிலோமீட்டரில் 30, 40 விநாடி காணாமல் போயிருக்கும். முதல் கிலோமீட்டர் சரியாகப் போகும். மூன்றாவதில் கால் ஈயக்குண்டு ஆகிவிடும். "மனசு வைக்கவில்லை" என்று திட்டுவதற்கு முன்னால் ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கக் கூடும். மருத்துவர் மாத்திரை கொடுத்தால் ஆரஞ்சுச் சாறோடு எடுத்துக்கொள்வது நல்லது. பால், டீ, காபியோடு சேர்த்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. குணம் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். செப்டம்பரில் கண்டுபிடித்தால் நவம்பருக்குள் மீளலாம். அக்டோபர் கடைசியில் கண்டுபிடித்தால் அந்தப் பருவம் கைநழுவியதுதான். ஆகவே சோதனையை ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

பயிற்சி ஜூனில் தொடங்குகிறது. அனுபவமுள்ள பையன் வாரத்துக்கு 70 முதல் 90 கிலோமீட்டர், பெண் 50 முதல் 75, ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளை 35, 40 போதும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நான்காவது வாரம் கால்வாசி இறக்க வேண்டும். பருவம் தொடங்கியபின் வாரத்தில் கடினமான நாட்கள் இரண்டுதான். போட்டியும் அதில் ஒன்றாகவே கணக்கு. செவ்வாய்க்கிழமை 1000 மீட்டர் ஐந்து முறை போட்டி வேகத்தில், நடுவே இரண்டரை நிமிட ஓய்வு. அல்லது மூச்சு கட்டுக்குள் இருக்கும் வேகத்தில் 20 நிமிட டெம்போ. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடுகிற நிதானம். வாரம் இரண்டு நாள் முடிவில் 100 மீட்டர் விரைவோட்டம் ஆறு. நீண்ட ஓட்டம் வாரத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

தோற்காமலிருப்பவர்களின் உண்மையான சூட்சுமம் டூயல் மீட்டில்தான். வாரநாள் போட்டியை முழு வேகத்தில் ஓடுகிற பிள்ளை அக்டோபரிலேயே வற்றிவிடும். நல்ல கோச் அந்தப் போட்டியை டெம்போவாக மாற்றிவிடுவார்: முதல் 3 கிலோமீட்டர் அணித் தோழர்களோடு கூட்டமாக, கடைசி 2 கிலோமீட்டர் மட்டும் வெல்லத் தேவையான அளவுக்கு. கணக்கில் வெற்றிதான், உடம்பில் களைப்பு பாதிதான்.

போட்டி நாளில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு அணிக்கும் கோட்டில் சுண்ணாம்பால் வரைந்த ஒரு பெட்டி. அகலம் போதாது, இரண்டு மூன்று பேர் முன்னால், மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். துப்பாக்கி வெடித்ததும் இருநூறு பேர், அகன்ற புல்வெளியிலிருந்து 300, 400 மீட்டரில் ஒரு குறுகிய வாய்க்குள் பாய வேண்டும். விழுவது இங்கேதான். பின்னால் வருபவரின் ஸ்பைக், அதாவது ஷூவின் அடியில் உள்ள ஆணி, குதிகாலில் பட்டுச் செருப்பைக் கழற்றுவது போல ஷூவை உரித்துவிடும். அதனால் லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை லேஸுக்கு அடியிலேயே செருகி, சேறு இருந்தால் மேலே டேப்பும் சுற்றுகிறார்கள். ஆணியின் நீளம் தரையைப் பொறுத்தது: காய்ந்த தரைக்கு 6 மில்லிமீட்டர், ஈரப்புல்லுக்கு 9, சேற்றுக்கு 12. காய்ந்த தரையில் 12 போட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சேற்றில் 6 போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் வழுக்கும்.

முதல் கிலோமீட்டரில்தான் பாதித் தோல்விகள் விதைக்கப்படுகின்றன. 15 நிமிடம் 30 விநாடி இலக்கு என்றால் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 6 விநாடி. தொடக்க நெரிசலுக்காக முதல் கிலோமீட்டரை 3 நிமிடத்தில் போகலாம். 2:50இல் போனால் நான்காவதில் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மேட்டில் எல்லோரும் முயல்வார்கள். முந்துகிறவர் உச்சியைத் தாண்டியபின் இன்னும் 20 காலடி அழுத்துபவர்தான், ஏனென்றால் மற்றவர்கள் மூச்சு வாங்குவது அந்த இடத்தில்தான். திருப்பம் தாண்டியதும் சட்டென்று பத்து விநாடி வேகமெடுப்பதும் அப்படித்தான்: பின்னால் வருபவர் திருப்பத்தைத் தாண்டிப் பார்க்கும்போது இடைவெளி திடீரென்று விரிந்திருக்கும்.

முன்னால் ஓடுபவருக்கு மட்டுமே வருகிற ஆபத்து ஒன்று உண்டு: வழி தவறுவது. பின்னால் வருபவர் முன்னவரைத் தொடரலாம். முதல் ஆளுக்குக் கொடிதான் துணை. பள்ளிப் போட்டி விதிப்படி சிவப்புக் கொடி என்றால் இடப்பக்கம், மஞ்சள் என்றால் வலப்பக்கம், நீலம் என்றால் நேராக. முந்தின நாளே பாதை முழுவதையும் நடந்து பார்த்து, கடைசி 1000 மீட்டரை இருமுறை பார்த்துவிட வேண்டும். விதிப் புத்தகத்தில் கோச்சுகள் அலட்சியப்படுத்தக் கூடாத பக்கம் இது.

அணியாகத் தோற்காமலிருப்பது வேறு கணக்கு. ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களின் எண்களைக் கூட்ட வேண்டும். குறைந்த எண் வெல்லும். ஒன்று முதல் ஐந்து வரை நம்முடையவர்களே என்றால் 15. ஆறும் ஏழும்கூட நம்மவர்கள் என்றால் எதிரணிக்கு 8 முதல் 12 வரை, ஆக 50. இதில் நட்சத்திரம் முதலாவதாக வருவதற்கும் மூன்றாவதாக வருவதற்கும் வித்தியாசம் 2 புள்ளிதான். ஐந்தாவது ஆள் 40இலிருந்து 70க்குச் சரிந்தால் 30 புள்ளி போய்விடும். கோச் ஜோ நியூட்டன் இல்லினாயின் யார்க் பள்ளிக்கு 28 மாநிலப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். நியூயார்க் மாநிலத்தின் ஃபயட்வில் மான்லியஸ் பெண்கள் 2006 முதல் 2012 வரை ஏழு ஆண்டு தொடர்ந்து நைக் தேசியப் பட்டத்தை எடுத்தார்கள். எந்த ஆண்டும் மாணவிகள் படிப்பு முடித்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆறாவது, ஏழாவது ஆளை அடுத்த ஆண்டின் இரண்டாவது ஆளாக வளர்ப்பதில்தான் அந்தத் தொடர்ச்சி இருக்கிறது.

தொடர் வெற்றி நீள நீள, அதைக் காப்பாற்றும் ஆசை வந்துவிடும். கடினமான இன்விடேஷனலுக்குப் போகாமல் தவிர்ப்பது அதன் முதல் அறிகுறி. லூகாஸ் வெர்ஸ்பிகாஸ் 2010இல் நைக் போட்டியை வென்று, ஒரு வாரத்தில் ஃபுட் லாக்கரையும் வென்றார். ஒரே பருவத்தில் இரண்டையும் வென்ற முதல் மாணவர் அவர். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். பெண்கள் பிரிவில் கேட்லின் டூயி 2017, 2018, 2019 என மூன்று ஆண்டும் நைக் கோட்டில் வந்து நின்றார், மூன்றையும் வென்றார். சாரா பாக்ஸ்டர் 2011, 2012 இரண்டையும் வென்றபின் 2013இலும் வந்தார். அன்று அலெக்ஸா எஃப்ரைம்சன் முந்தினார். பாக்ஸ்டர் அன்று வராமல் வீட்டிலிருந்திருக்கலாம். வந்தார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாகக் கோச்சுகளுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. முதல் தோல்வி சனிக்கிழமை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அலசல் வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கட்டும். ஞாயிறு அரை மணி நேரம் மெதுவாக ஓடட்டும். திங்கட்கிழமை கிலோமீட்டர் வாரியான நேரங்களை முன்னால் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் இடைவெளி விழுந்தது என்று மட்டும் பாருங்கள்: முதல் கிலோமீட்டர் வேகமா, மேட்டின் உச்சியா, கடைசி 400 மீட்டரா. விடை எதுவோ, செவ்வாய்க்கிழமைப் பயிற்சி அதுதான்.

வணக்கம்.