11 வாரம், கையெழுத்து இல்லை

வணக்கம் மக்களே. வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. பாப்பா இப்பதான் தூங்கினா, அதான் கிச்சன்லயே உட்கார்ந்து பேசறேன். நடுவுல குக்கர் விசில் அடிச்சா கண்டுக்காதீங்க.

இதைப் பாருங்க, கேமராகிட்ட கொண்டு வரேன். சாதாரண ஃபைல்தான், தம்பதி-குடும்ப தெரபிஸ்ட் லைசென்ஸுக்கு நான் சேர்க்கற மணிக்கணக்கு. வாரத்துக்கு ஒரு வரி. எத்தனை மணி நேரம் ஜோடிகளோட பேசினேன், எத்தனை மணி குடும்பத்தோட, எத்தனை மணி சூப்பர்விஷன், எல்லாம் எழுதி கடைசிக் கட்டத்துல சூப்பர்வைசர் கையெழுத்து. இந்தப் பக்கம் பூரா நீல மசி. இப்ப அடுத்த பக்கம்... பாருங்க. காலி. 11 வாரம்.

என் சித்தி பொண்ணு இங்க கலிஃபோர்னியால மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபி படிக்கறா. "அக்கா, மாஸ்டர்ஸ் முடிச்சா லைசென்ஸ் வந்துடும்ல?"ன்னு நேத்து கேட்டா. சிரிச்சுட்டேன். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

கலிஃபோர்னியால லைசென்ஸ் வேணும்னா 3,000 மணி நேரம் ஒருத்தர் மேற்பார்வைல வேலை பார்த்திருக்கணும். அதுக்கு குறைஞ்சது 104 வாரம் சூப்பர்விஷன் இருக்கணும். ஒரு வாரத்துல 40 மணிக்கு மேல கணக்குல ஏறாது, அதனால ராப்பகலா உழைச்சு ஒரே வருஷத்துல முடிக்க வழியே இல்ல. அந்த 3,000ல 1,750 மணி நேரடியா கவுன்சலிங். அதுக்குள்ள 500 ஜோடி, குடும்பம், குழந்தைங்களோட. இதுக்கு மேல ரெண்டு தேர்வு: சட்டமும் நெறிமுறையும் ஒண்ணு, கிளினிக்கல் ஒண்ணு.

அதுவரைக்கும் நான் 'அசோசியேட்'. 2018க்கு முன்னாடி 'இன்டர்ன்'னு சொல்லுவாங்க, அந்த வருஷம் ஜனவரில பேரை மாத்தினாங்க. அம்மாகிட்ட நாலு தடவை விளக்கிட்டேன். சொந்தக்காரங்ககிட்ட இன்னமும் "அப்ரண்டிஸா இருக்கா"ன்னுதான் சொல்றாங்க.

சரி, இந்த 11 வாரத்துக்கு வரேன். நான் முன்னாடி இருந்த இடத்துல சூப்பர்வைசர் ரொம்ப நல்லவங்க. ஆனா "வெள்ளிக்கிழமை போட்டுத் தரேன்"ம்பாங்க, வெள்ளிக்கிழமை வந்தா வேற ஏதாவது அவசரம். நானும் விட்டுட்டேன், கேட்டா மரியாதைக் குறைவா இருக்குமோன்னு நம்ம ஊர்க் கூச்சம். ஒருநாள் திங்கட்கிழமை போறேன், அவங்க வேலையை விட்டுட்டாங்க. வாரத்துக்கு 20 மணின்னு வெச்சாலும் 220 மணி நேரம் அந்தரத்துல நிக்குது. அந்த ஷீட்டை, லைசென்ஸ் குடுக்கற அரசு போர்டு கேட்டாத்தான் அனுப்பணும், ஆனா கேட்டா காட்ட கையெழுத்து வேணுமே! இப்ப அவங்க வேற ஊர்ல. மெயில் போட்டிருக்கேன்.

இன்னொரு இடத்துல 1099ல, அதாவது கான்ட்ராக்டரா எடுத்துக்கறோம், கைக்கு நிறைய வரும்னாங்க. நல்லவேளை மாட்டல. அசோசியேட் டபிள்யூ-2ல, அதாவது சம்பளப் பட்டியல்ல இருக்கற ஊழியரா இருக்கணும், இல்ல வாலண்டியரா இருக்கணும். கான்ட்ராக்டரா வேலை பார்த்தா ஒரு மணி கூட கணக்குல சேராது.

என் வீட்டுக்காரருக்கு டெக்சாஸ்ல இருக்கற ஆஸ்டினுக்கு மாத்தல் வரும்போல இருக்கு. டெக்சாஸ்லயும் 3,000 மணிதான், ஆனா நேரடி கவுன்சலிங் 1,500. அடடா, குறைச்சலா இருக்கேன்னு முதல்ல சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், இங்க ஒரு குழந்தையோட தனியா உட்கார்ந்த நேரமும் அந்த 500ல சேருது. அங்க விதி ஜோடி, குடும்பம்னுதான் பேசுது. என் மணில பாதி சின்னப் பசங்களோட விளையாட்டு பொம்மை வெச்சுப் பேசினது. அங்க லைசென்ஸ் குடுக்கறவங்களும் மாறிட்டாங்க. 2019ல வந்த சட்டத்தால, தனித்தனியா இருந்த போர்டுகளை ஒரே கவுன்சிலுக்குக் கீழ கொண்டு வந்து, 2020 செப்டம்பர்லேர்ந்து லைசென்ஸ் வேலையை அதுதான் பார்க்குது. பழைய பக்கத்தைப் படிச்சு ஏமாறாதீங்க.

எனக்கு மேற்பார்வை மேல வருத்தமே இல்ல. மனசு உடைஞ்சு வர்ற ஜோடியை முதல் வருஷத்துக்காரி கையில தனியா விடக் கூடாது. என் கோபம் வேற. நான் பதிவு பண்ணினப்போ, சேர்த்த மணிக்கெல்லாம் ஆறு வருஷம்தான் ஆயுசுன்னாங்க, அதைவிடப் பழசு கணக்குல வராது. பிள்ளை பெத்துக்கிட்டு ஒரு வருஷம் வீட்டுல இருந்தேன். கடிகாரம் நிக்கலையே! லைசென்ஸ் வந்தவங்களுக்கு 2024 ஜனவரிலேர்ந்து மெடிகேர்லயும், அதாவது முக்கியமா வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுலயும் பில் போடலாம்னு கதவு திறந்துருக்கு. நான் வாசல்லயே நிக்கறேன்.

தங்கச்சி, நீ பார்த்துட்டு இருப்பேன்னு தெரியும். டிகிரி கிடைச்ச தேதியை எனக்கு அனுப்பு. அதுலேர்ந்து 90 நாளைக்குள்ள உன் அசோசியேட் விண்ணப்பம் போர்டுக்குப் போய்ச் சேரணும், அப்பதான் அசோசியேட் பதிவு நம்பர் வர்றதுக்கு முன்னாடி பார்க்கற மணியும் கணக்குல வரும். அதுக்கும் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே லைவ் ஸ்கேன்ங்கற டிஜிட்டல் முறைல கைரேகை வெச்சிருக்கணும். பிரைவேட் பிராக்டிஸ்னா மட்டும் நம்பர் வர்ற வரைக்கும் கூடாது. அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா சூப்பர்வைசர் கதவைத் தட்டு. பேனாவும் நீயே கொண்டு போ.