"அந்தக் காலத்தில் 35 வயதிலேயே செத்துப்போனார்களா?" ஆயுள் கணக்கில் நாம் கோட்டைவிடும் இடம்

[திரையில் பெரிய எழுத்தில்: 35]

"முன்பெல்லாம் மனிதனின் சராசரி ஆயுளே 35தான்." இந்த வரியை எங்காவது கேட்டிருப்பீர்கள். கேட்டதும் மனதில் என்ன படம் வருகிறது? முப்பதில் நரைத்து, முப்பத்தைந்தில் கண்ணை மூடுகிற ஓர் உலகம், இல்லையா? அந்தப் படம் தப்பு. ஆனால் அதைத் திருத்துகிறேன் என்று வருகிற இன்னொரு கதையும் தப்பு, எனக்கு அதன் மேல்தான் கோபம் அதிகம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்துக் குழந்தைகள் பிறக்கிறார்கள். நான்கு பேர் ஒரு வயதில் இறந்துவிடுகிறார்கள், மீதி ஆறு பேர் 60 வரை வாழ்கிறார்கள். கூட்டி வகுத்தால் சராசரி சுமார் 36 வருகிறது. அந்தப் பத்துப் பேரில் 36 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை!

சரி, இது நான் போட்ட கணக்கு. நிஜக் கணக்கு ஒன்று இருக்கிறது, போட்டவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திர ஹாலியேதான். பிரெஸ்லாவ் என்ற ஊர், இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. அங்கே காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார், யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று 1687 முதல் 1691 வரையிலான பதிவுகளைத் திரட்டி வைத்திருந்தார். அது கைக்கு வந்ததும் ஹாலி 1693இல் ஓர் அட்டவணை போட்டார்.

[திரையில் அட்டவணை]

இதை மெதுவாகப் பாருங்கள், அவசரமே வேண்டாம். வருடத்துக்கு 1,238 குழந்தைகள் பிறக்கிறார்கள். முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே 348 பேர் போய்விடுகிறார்கள். ஆறு வயது முடியும்போது உயிரோடு இருப்பது 692 பேர். பதினேழு வயதில் 616 பேர், அதாவது பிறந்ததில் பாதி அப்போதே இல்லை. ஆனால் கீழே இறங்கி வாருங்கள்: 70 வயதில் 142 பேர், 80 வயதில் 41 பேர். ஊரில் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள், கோல் ஊன்றி நடந்தார்கள், பேரப்பிள்ளைகளை அதட்டினார்கள்.

இங்கேதான் அந்த இரண்டாவது கதை நுழைகிறது. "குழந்தைப் பருவத்தைத் தாண்டிவிட்டால் அவர்களும் நம்மை மாதிரியே வாழ்ந்தார்கள், மைக்கலாஞ்சலோ 88, நியூட்டன் 84" என்று பட்டியல் போடுவார்கள். அதே அட்டவணையில் இன்னும் இரண்டு வரி படித்தால் போதும். 20 வயதில் 598 பேர், 60 வயதில் 242 பேர். இருபதைத் தொட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர்தான் அறுபதைப் பார்த்தார்கள். காய்ச்சல், காசநோய், பிரசவம் எல்லாம் வாலிபர்களையும் விடவில்லை. எண்பது வரை இருந்தவர்களின் பெயர் மட்டும் நம் காதில் விழுவதால் அது சாதாரணம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஹாலி இந்தக் கணக்கைப் போட்டதில் ஒரு காசு விஷயமும் உண்டு. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு சாகும்வரை வருடாவருடம் தொகை தரும் திட்டத்தை, வாங்குபவரின் வயதைப் பார்க்காமலே இங்கிலாந்து அரசு விற்றுக்கொண்டிருந்தது. வயதுக்கு ஏற்ப விலை மாற வேண்டும் என்று அவர் கணக்கோடு காட்டினார். ஆயுள் காப்பீட்டுக் கணக்கெல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

பணக்காரர்கள் தப்பித்தார்களா என்று கேட்பீர்கள். பின்னால் இங்கிலாந்தின் அரசியான ஆன், 17 முறை கருவுற்றவர். பெரும்பாலும் கருச்சிதைவு, இறந்தே பிறந்த குழந்தைகள். இரண்டு மகள்கள் 1687இல் பெரியம்மையில் சில நாள் இடைவெளியில் போனார்கள். மிஞ்சியவன் வில்லியம் ஒருவன். அவனும் 1700இல், தன் 11ஆவது பிறந்தநாள் முடிந்த ஒரே வாரத்துக்குள் இறந்தான். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் இந்தக் கதி. இதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அப்புறம் எப்படி மாறியது? 1796இல் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பூசி, 1847இல் வியன்னாவில் டாக்டர்களைக் கை கழுவ வைத்த செம்மல்வைஸ், பிறகு சுத்தமான குடிநீர், சாக்கடை வசதி, ஆன்டிபயாடிக். ஒவ்வொன்றுக்கும் தனி வீடியோ போட வேண்டும், போடுகிறேன்.

உங்களிடம் ஒரு வேலை. வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "உங்க அம்மாவுக்குப் பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை?" அந்த இரண்டு எண்ணையும் கமென்ட்டில் எழுதுங்கள். அத்தனையையும் நானே படிப்பேன்.