டிராகனை விடுங்கள், வெட்டைப் பாருங்கள்

நண்பர்களே, சீனாவின் பழைய உடைகளை இன்றைய ஃபேஷனுக்குக் கொண்டுவருகிறோம் என்பவர்களில் பலர் முதலில் கை வைப்பது டிராகனிலும் பியோனிப் பூவிலும்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த உடைகளின் உயிர் துணியை வெட்டி மடித்த விதத்தில் இருக்கிறது.

மிங் அரச வம்சக் காலத்திலிருந்து (1368–1644) வரும் மாமியன்ச்சுன் பாவாடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் விரித்தால் இரண்டு தனித்துண்டுகள் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இரு ஓரங்கள் மடிப்பில்லாமல் தட்டையாக இருக்கும். நடுவில் மட்டும் கொசுவம். ஒரு பக்கத்துத் தட்டை ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு துண்டையும் ஒரே இடுப்புப் பட்டியில் தைத்துவிடுவார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டும்போது மற்ற இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பட்டிக்குக் கீழே அந்த ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதே இல்லை. அதனால் முன்னும் பின்னும் அசையாத சமதளம், பக்கவாட்டில் விரியும் மடிப்பு, கால் எட்டி வைக்கத் தாராளமான இடம். நாடா கட்டு என்பதால் உடம்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதே பாவாடை சேரும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

2022இல் பிரான்சின் ஃபேஷன் நிறுவனமான டியோர் இதே சாயலில் ஒரு பாவாடையைக் கொண்டுவந்து, தன் சொந்த அடையாள வடிவம் என்று விவரித்தது. அந்த ஜூலையில் பாரிசில் அதன் கடை முன் சீன மாணவர்கள் போராடினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அது டிராகனோ பூவேலையோ இல்லாத வெறும் கறுப்புப் பாவாடை. இருந்தும், வெட்டை வைத்தே இது எங்களுடையது என்று கண்டுகொண்டார்கள்.

மேலாடைக்கு வருவோம். பழைய வெட்டில் தோளில் தையல் கிடையாது. துணி முன்னிருந்து தோள்மேல் ஏறி அப்படியே பின்னால் இறங்கும். தறியின் அகலம் போதாததால் முதுகு நடுவில் ஒரு தையல், கையில் ஓர் ஒட்டு. 1920களில் ஷாங்காயில் பரவிய சிப்பாவ் என்ற பெண்களின் நீள உடைகூட முதலில் இந்தத் தட்டை வெட்டில்தான் இருந்தது. உடம்போடு ஒட்டத் துணியைக் கிள்ளித் தைக்கும் டார்ட்டும் தோள் தையலும் அப்புறம் வந்தவை. இன்று பலர் மேலைநாட்டுச் சட்டைக் கையைப் பொருத்திவிட்டு, கழுத்தை மட்டும் பழைய பாணியில், முன்துணிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி குறுக்கே போடுகிறார்கள். கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது, மடிப்பும் தப்பாக விழுகிறது.

சரி, எதைத்தான் மாற்றலாம்? நிறைய மாற்றலாம். லினன், டெனிம் போடுங்கள். பாக்கெட் வையுங்கள், கையின் அகலத்தைக் குறையுங்கள். ஷான்தோங் மாகாணத்தின் சாவ்சியன் வட்டாரத் தொழிற்கூடங்கள் மாமியன்ச்சுன்னை ஏராளமாகத் தைத்து அனுப்புகின்றன. சீன இளம்பெண்கள் அதை வெள்ளைச் சட்டையோடு வேலைக்கும் உடுத்திப் போகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

ஆனால் குறுக்குக் கழுத்து வைக்கும்போது கவனம். உடுத்துபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்களின் மரபில் இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பேட்டர்ன் வரையும்போதே எது மேலே, எது கீழே என்று குறித்துவிடுங்கள். தைத்த பிறகு திருப்ப முடியாது.