உப்பு பார்க்கத் தோணல

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே தலை ஸ்கேன், வயிற்று ஸ்கேன், இசிஜி, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள். எல்லாமே நார்மல். “தலை பாரமா இருக்கு, ஒரே அசதி. எங்க போனாலும் ஒண்ணுமில்லைங்கிறாங்க டாக்டர்” என்றார்.

தூக்கம் எப்படி என்று கேட்டேன். “மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டே கிடப்பேன்.” சமையல்? “செய்யறேன். குழம்புல உப்பு பார்க்கக்கூடத் தோணல.” அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பு வலியாகத்தான் வந்து நிற்கிறது. வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம். துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் 2 வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்தால், பிடித்தது எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், பசியும் தூக்கமும் கெட்டால் தள்ளிப்போடாதீர்கள். ஆண்களிடம் இது எரிச்சலாகவும் குடியாகவும் தெரியலாம்.

‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று ஒருவர் சொன்னால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். நான் தினமும் கேட்கிறேன். பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

லேசான சோர்வுக்கு ஆலோசனைப் பேச்சே போதுமானதாக இருக்கும். மாத்திரை தேவைப்பட்டால், பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். தூக்க மாத்திரை வேறு, இது வேறு. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் பெரிய வருத்தம். நன்றாக ஆன பிறகும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

மருத்துவமனைக்கு வரத் தயக்கமா? சரி, முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மா ஆறாவது வாரம் மறுபடி வந்தார். பையில் மாத்திரைச் சீட்டு மட்டும்தான். “நேத்து மீன்குழம்புல உப்பு கூடிப்போச்சு டாக்டர்” என்றார். “ருசி பார்த்து நானே கண்டுபிடிச்சேன்.”