வாய்க்குள்ள இருக்கு ஹங்குல் எழுத்து!

வணக்கம் மக்களே! கொரிய எழுத்து படிக்கிறவங்க அட்டவணையை வெச்சு மனப்பாடம் பண்றாங்க. வேண்டாங்க, உங்க வாயைக் கவனிங்க.

'ந'ன்னு சொல்லுங்க. நாக்கு நுனி மேலே போய் ஒட்டுதா? இப்போ பலகையைப் பாருங்க. மேலேருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் மடக்குறேன். பக்கவாட்டுல தெரியற நாக்கு அது. இதான் 'ந'. தலையில ஒரு கோடு போட்டா 'த'. நடுவுல இன்னொரு கோடு போட்டா, மூச்சை ஊதிச் சொல்ற 'த'. தமிழ் பேசுறவங்க சிக்குறது இங்கதான். வாய்க்கு முன்னாடி டிஷ்யூ பேப்பர் பிடிச்சுக்கிட்டு சொல்லுங்க, பேப்பர் ஆடணும். 'ம'வுக்குச் சதுரம், அது வாய். தொண்டைக்கு வட்டம்.

மன்னர் செஜோங் 1443-ல உருவாக்கி, 1446-ல வெளியிட்டப்போ 28 எழுத்து. இன்னிக்கு 24. நாக்கு, தொண்டைன்னு நான் சொன்னதெல்லாம் அன்னிக்கே எழுதின விளக்க நூல்ல இருக்கு. அந்த நூல் ரொம்பக் காலம் கண்ணுல படாமக் கிடந்து, 1940-லதான் வெளியே வந்துச்சு. அதுவரைக்கும் ஜன்னல் சட்டத்தைப் பார்த்து வரைஞ்சதுன்னுகூட சொல்லிட்டு இருந்தாங்க!

எழுதும்போது வரிசையா நீட்டாதீங்க, ஒரு அசைக்கு ஒரு கட்டம். உயிர் நிமிர்ந்த கோடுன்னா மெய்க்கு வலப்பக்கம், படுத்த கோடுன்னா மெய்க்குக் கீழே. அசையை முடிக்கிற மெய் அடியில. உயிர்ல ஆரம்பிக்கிற அசைக்கு முன்னாடி வெறும் வட்டம் போடணும், பலரும் மறக்கிறது இதைத்தான். அதே வட்டம் அடியில வந்தா 'ங்'.

படிச்ச பெரிய மனுஷங்க சீன எழுத்தை விடல. 1444-லேயே அரசவை அறிஞர் சோ மல்லி எதிர்ப்பு மனு கொடுத்தார். யோன்சான்குன் மன்னரைத் திட்டி இந்த எழுத்துல சுவரொட்டி வந்ததும், 1504-ல தடையே போட்டாங்க. ஆனா பெண்கள் கடிதத்துலயும் கதையிலயும் இதைக் காப்பாத்திட்டாங்க. எனக்கு இந்த வரலாற்றுலயே பெரிய விஷயம் அதுதான். அரசாணைக்குள்ள இது நுழைஞ்சது 1894-ல.

உயிரெழுத்துக்கு அடிப்படை மூணே மூணு: புள்ளி வானம், படுத்த கோடு மண், நிமிர்ந்த கோடு மனுஷன். போன்ல 'சொன்ஜிஇன்' கீபோர்டு போட்டுப் பாருங்க, உயிருக்கு அதே மூணு பட்டன்தான். நிமிர்ந்த கோடு, அப்புறம் புள்ளி: 'ஆ' வரும். புள்ளியை முதல்ல அமுக்கிட்டா 'ஒ'வுக்குக் கிட்டத்துல வர்ற வேற உயிர் வந்துடும், வரிசையைப் பார்த்து அமுக்குங்க.